எதிராளி அபாரமாக எழுதிவிட்டார், தோற்றது நான்: எப்படிப் பாராட்டுவது?

கேட்டவர் ஒரு இ-ஃபெட்டில் எழுதுகிறார். அதாவது, எழுத்திலேயே நடக்கும் இணைய மல்யுத்தச் சங்கம். இன்னொரு ஹேண்ட்லரோடு (ஒரு கதாபாத்திரத்தை எழுதி நடத்துகிறவர்) அவருக்குச் சில மாதமாக ஃபியூட், அதாவது கதைக்குள் நடக்கும் பகை. கடைசி பே-பெர்-வியூவுக்கு (பெரிய நிகழ்ச்சிக்கு) எதிராளி எழுதிய ஆர்பி (ரோல்ப்ளே, கதாபாத்திரமாக எழுதும் காட்சி) பிரமாதமாக அமைந்துவிட, சாம்பியன் பெல்ட் அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் கேட்பது இது: "மனசாரப் பாராட்டணும். 'சூப்பர் ஆர்பி, வாழ்த்துகள்'னு சொல்றதைத் தவிர எதுவும் வரமாட்டேங்குது. கதையில நாங்க ஜென்மப் பகை. வெளிப்படையாப் பாராட்டினா ஃபியூட் நீர்த்துப்போகாதா? தோத்தவன் பாராட்டினா சும்மா மரியாதைக்குச் சொல்றான்னு நினைக்க மாட்டாரா?"

உங்கள் எதிராளி எழுதும்போது எடுத்த ஒரு முடிவைப் பிடித்துச் சொல்லுங்கள். என் பதில் அவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கு விளக்கம். "அருமை", "செம", "மிரட்டல்" எல்லாம் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கின்றன. "அந்த இடத்தில் உங்கள் ஆளைப் பேசவிடாமல் நிறுத்திவிட்டீர்களே" என்றால் அது அவர் செய்த வேலையைச் சொல்கிறது. எழுதுகிறவருக்கு ராத்திரி தூக்கம் வராமல் அடிப்பது இரண்டாவது வகைதான். மரியாதைக்குச் சொல்கிறவர் யாரும் அவ்வளவு உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லமாட்டார், ஆகவே உங்கள் இரண்டாவது சந்தேகமும் அதிலேயே தீர்ந்துவிடும்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். டபிள்யூடபிள்யூஇ வகை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவாகிவிடும். ரசிகர்கள் பார்க்க வருவது கதையையும் அதைச் சொல்லும் உடம்பையும் வாயையும். அந்தக் கதையைத் தாங்களே எழுதிப் பார்க்க ஆசைப்பட்ட ரசிகர்கள் அமெரிக்காவில் 1980களில் தபால் மூலம் ஆடத் தொடங்கினார்கள். 90களில் அது யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களுக்கும் மின்னஞ்சலுக்கும் வந்தது. 1995 செப்டம்பரில் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் நைட்ரோ நிகழ்ச்சி, டபிள்யூடபிள்யூஎஃப்பின் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) ராவுக்கு எதிராகத் திங்கட்கிழமை ராத்திரியில் இறங்கியது. 2001 மார்ச் வரை நீடித்த அந்தப் போட்டியின்போதுதான் இ-ஃபெட்கள் காளான் மாதிரி முளைத்தன. நம்மூர்ப் பையன்கள் அதே 90களில் ட்ரம்ப் கார்டு வைத்துக்கொண்டு அண்டர்டேக்கரின் உயரத்தையும் யோகோசுனாவின் எடையையும் சொல்லிச் சண்டை போட்டார்கள். அங்கே உள்ளவர்கள் புது ஆளையே உருவாக்கி, பெயர் வைத்து, ஃபினிஷர் (எதிராளியை வீழ்த்தும் கடைசி அடி) கொடுத்து, வளையத்துக்குள் அனுப்பினார்கள்.

ஆடும் முறை பெரும்பாலும் இப்படி இருக்கும். கார்டு, அதாவது மேட்ச் பட்டியல், வெளியாகும். உங்கள் ஆளுக்கும் எதிராளிக்கும் மேட்ச் போட்டிருப்பார்கள். டெட்லைனுக்குள் இருவரும் ஆளுக்கு ஒரு ஆர்பி எழுத வேண்டும். அதில் காட்சி இருக்கும், கதாபாத்திரத்தின் வாழ்க்கை இருக்கும், எதிராளியை நோக்கிய ப்ரோமோ, அதாவது சவால் பேச்சு, இருக்கும். போட்டி முறை ஃபெட்டில் நடுவர்கள் இரண்டையும் படித்து வெற்றியைத் தீர்மானிப்பார்கள். மேட்ச் எப்படி நடந்தது என்று இன்னொருவர் ரிசல்ட் எழுதுவார். ஆங்கிள் முறை ஃபெட்டில் முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். உங்களுடையது முதல் வகை என்று புரிந்துகொள்கிறேன். தோல்வி கொஞ்சம் கூடுதலாக உறைப்பதும் அந்த வகையில்தான்.

இந்த எழுத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கதை எழுதுகிறவருக்கு வாசகர் வெளியே எங்கேயோ இருக்கிறார். இங்கே உங்கள் முதல் வாசகர் உங்கள் எதிராளி. அவர் எழுத எடுத்துக்கொள்ளும் சரக்கில் பாதி நீங்கள் எழுதியது. தஞ்சைப் பக்கம் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் உட்கார்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய மோதுவார்கள். எதிர்ப்பாட்டில் ஜெயிக்கிறவர் முந்தைய பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவராக இருப்பார். இ-ஃபெட்டும் ஏறக்குறைய அதுதான். உங்கள் ஆளை, உங்கள் வரியை, நீங்களே மறந்துபோன ஒரு பொருளை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். பாராட்ட வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கேதான் கிடைக்கும்.

நீங்கள் அந்த ஆர்பியை அனுப்பவில்லை. எனவே நானே ஒன்றை ஜோடித்துக்கொள்கிறேன்.

உங்கள் ஆள் ஒஹாயோவின் யங்ஸ்டவுனைச் சேர்ந்தவன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா உருக்காலைத் தொழிலாளி. 1977 செப்டம்பரில் அந்த ஊரில் ஆலை மூடும் அறிவிப்பு வந்தபோது வேலை போனவர்களில் ஒருவர். அப்பாவின் பழைய துண்டு ஒன்றை உங்கள் ஆள் எப்போதும் தோளில் போட்டுக்கொண்டு வருவான். போன மாத ஷோவில் நெற்றி கிழிந்து, அந்தத் துண்டால் ரத்தத்தைத் துடைத்து, வளையத்தின் இரும்புப் படிக்கட்டில் எறிந்துவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தான். ரிசல்டில் அது ஒரு வரி. அதோடு சரி, துண்டைப் பற்றி நீங்களும் எழுதவில்லை, வேறு யாரும் எழுதவில்லை.

எதிராளியின் ஆள் ஹீல், அதாவது வில்லன். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான குரல். டைட்டில் மேட்சுக்கு அவர் எழுதிய ஆர்பி ஒரு லாண்ட்ரோமேட்டில் ஆரம்பிக்கிறது. காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, நள்ளிரவு தாண்டிய நேரம். இவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு துணி சுற்றுகிறது. கூடையோடு வரும் ஒரு வயதான அம்மா, "உங்களுக்கு இன்னும் லோடு இருக்கா?" என்று கேட்கிறார். இவன் எழுந்து வழி விட்டு, "இல்லைம்மா, இது ஒண்ணுதான்" என்கிறான். இயந்திரம் நிற்கிறது. துணியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். கறை போகவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் வைக்கிறான். ஒரு பக்கம் தாண்டிய பிறகுதான் முதல் தடவையாகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறான்: "உன் அப்பா இதுல வேர்வையைத் துடைச்சார். நீ ரத்தத்தைத் துடைச்சே. ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து குடுத்துடறேன். உனக்குத் தேவைப்படும்."

அவ்வளவுதான் ஆர்பி. இதற்கு "செம ஆர்பி ப்ரோ, டிசர்வ்ட் வின்" என்று போட்டால் அது தப்பில்லை. ஆனால் அது வேறு எந்த ஆர்பிக்கும் பொருந்தும், போன வாரம் அவரே அரைகுறையாக எழுதியதற்குக்கூடப் பொருந்தும். நான் அனுப்பினால் இப்படி அனுப்புவேன். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இதுவாக இருக்கட்டும்:

"லாண்ட்ரோமேட் காட்சியை முடித்துவிட்டுத் திரும்ப மேலே போய் இன்னொரு முறை படித்தேன். துண்டைப் படிக்கட்டில் எறிந்ததோடு நான் அதை விட்டுவிட்டேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு உங்கள் ஆள் எழுந்து வழி விட்ட இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவன் அங்கே சிடுசிடுத்திருந்தால் வழக்கமான வில்லனாகியிருப்பான். பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதை முழுவதும் படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். துண்டு இப்போது உங்கள் ஆளிடம் இருக்கிறது என்று வைத்து நான் மேலே எழுதலாமா?"

இதில் புகழ்ச்சி வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள். மூன்று முடிவுகள் இருக்கின்றன: யாரும் சீந்தாத பொருளை எடுத்தது, வில்லனை மரியாதைக்காரனாக வைத்தது, பெல்ட்டைப் பேசாமல் விட்டது. மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எழுதியிருப்பது கண்ணில் படும், எழுதாமல் விட்டது படாது. டைட்டில் மேட்ச் ஆர்பியில் பெல்ட்டைப் பற்றி நாலு பத்தி எழுதக் கை பரபரக்கும். அந்த அரிப்பை அடக்கியவருக்கு மட்டும்தான் அதன் வலி தெரியும். அதை இன்னொருவர் பார்த்துவிட்டார் என்றால் அவருக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். கடைசிக் கேள்வி உபசாரத்துக்காகப் போட்டது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதாமல் விட்டதைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆர்பியைப் படித்து முடித்ததும், அதே மேட்சுக்கு அதே கதாபாத்திரத்தை வைத்து நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் கட்டாயம் வைத்திருக்கக்கூடியது எது அவரிடம் இல்லை? நீங்கள் கனவிலும் வைத்திருக்காதது எது இருக்கிறது? பாராட்ட வேண்டிய இடங்கள் அந்த இரண்டு பட்டியலிலிருந்தே வந்துவிடும். நான் நெடுநாளாக ரிசல்ட் எழுதுகிறேன், சில ஃபெட்களில் நடுவராகவும் இருந்திருக்கிறேன். அங்கேயும் படிக்கும் முறை இதுதான். எதிராளியின் பெயரை மாற்றிப் போட்டால் வேறு யாருக்கும் அப்படியே பொருந்துகிற ப்ரோமோக்கள் நிறைய வரும். "உன்னை நசுக்குவேன், உன் காலம் முடிந்தது" வகை. அவற்றை எழுதியவர் எதிராளியின் ஆர்பியைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார் என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். உங்கள் எதிராளி திறந்து பார்த்திருக்கிறார். அதற்கே ஒரு வார்த்தை சொல்லலாம்.

நிஜ மல்யுத்தத்திலும் பேர் வாங்கிய ப்ரோமோக்களில் இதே குணத்தைப் பார்க்கலாம். 1996 ஜூன் 23, மில்வாக்கியில் கிங் ஆஃப் தி ரிங் என்ற நாக்அவுட் போட்டி. ஸ்டீவ் ஆஸ்டினுக்கு அரையிறுதி மேட்சில் உதடு கிழிந்து, மருத்துவமனைக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார். இறுதிப் போட்டியில் எதிராளி ஜேக் ராபர்ட்ஸ். அந்தச் சமயம் ராபர்ட்ஸ் பைபிள் பேசும், மனம் திரும்பிய மனிதராக வந்துகொண்டிருந்தார். அவர் தன் ப்ரோமோவில் யோவான் 3:16-ஐ இழுத்திருக்கிறார் என்று நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக்கேல் ஹேய்ஸ் சொல்லித்தான் ஆஸ்டினுக்குத் தெரிகிறது. ஜெயித்த கையோடு ஆஸ்டின் அந்த எண்ணையே எடுத்துத் தன் பெயரை முன்னால் ஒட்டித் திருப்பி அடித்தார். பிற்பாடு லட்சக்கணக்கான டி-சட்டைகளில் ஏறிய 'ஆஸ்டின் 3:16' அங்கே பிறந்தது. தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அது வந்திருக்காது. எதிராளி கொண்டுவந்த வசனம் கையில் இருந்ததால் வந்தது. அந்த ராத்திரிக்கு ராபர்ட்ஸும் ஒருவகையில் இணை ஆசிரியர்தான். உங்கள் எதிராளிக்குத் துண்டு கொடுத்தது நீங்கள் என்பதால் தோல்வியிலும் உங்களுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறது. அதை வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம், உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

வேறு வகை ப்ரோமோவும் உண்டு. 1985 அக்டோபரில் டஸ்டி ரோட்ஸ், ரிக் ஃப்ளேரைப் பார்த்துப் பேசியது. ஃப்ளேரின் கூட்டம் ரோட்ஸின் கணுக்காலை உடைத்துவிட்ட கதை போய்க்கொண்டிருந்தது. ரோட்ஸ் அதைப் பேசி அனுதாபம் தேடியிருக்கலாம். அவர் வேலையிழந்த துணியாலைத் தொழிலாளியையும் கார்த் தொழிலாளியையும், முப்பது வருஷம் உழைத்துவிட்டுக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்து தன் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் ஆளையும் பேசினார். கஷ்டகாலம் என்றால் இதுதான், ஃப்ளேருக்கு அது தெரியாது என்றார். எதிராளியைப் பற்றி ரொம்பப் பேசவில்லை. கேட்கிறவர்களின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். பிற்பாடு ஃப்ளோரிடாவில் டபிள்யூடபிள்யூஇயின் புதியவர்களுக்கான பிரிவான என்எக்ஸ்டி பிள்ளைகளுக்கு ப்ரோமோ வகுப்பு எடுத்தவரும் அவர்தான், 2015-இல் காலமாகும் வரை. உங்கள் எதிராளியின் ஆர்பி இந்த ரகம் என்றால், உங்கள் ஆளை அவர் என்ன செய்தார் என்று தேடினால் எதுவும் அகப்படாது. அவர் யாருடைய வாழ்க்கையை உள்ளே கொண்டுவந்தார், எந்தச் சின்ன விவரத்தால் நம்பவைத்தார் என்று பாருங்கள். அந்தக் கைக்கடிகாரம் மாதிரி ஒன்று எங்கேயாவது இருக்கும். அதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பெரும்பாலும் கவனிக்காமல் போகிறது. உங்கள் ஆளை அவர் எப்படி நடத்தினார்? மோசமான ஹேண்ட்லர் எதிராளியைக் கோமாளியாக்கிவிடுவார், உங்கள் ஆள் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவார், ஆர்பிக்குள்ளேயே உங்களை அடித்துப் போட்டுவிடுவார். நல்ல ஹேண்ட்லர் உங்கள் ஆளை ஒரு சுற்று பெரியவனாக்கிக் காட்டுவார். அவன் பெரியவனாக இருந்தால்தானே அவனை வீழ்த்துவதில் அர்த்தம்? "ஞாயித்துக்கிழமை உனக்குத் தேவைப்படும்" என்ற வரியைப் பாருங்கள். உங்கள் ஆள் மறுபடி ரத்தம் சிந்துவான், சிந்திக்கொண்டே நிற்பான் என்று அதில் ஒத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நடத்தியிருந்தால் "என் ஆளைக் கவுரவமாக வைத்திருந்தீர்கள்" என்று ஒரு வரி போடுங்கள். மற்றப் பாராட்டெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இதைச் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் இடம் உண்டு.

சரி, ஃபியூட் நீர்த்துப்போகுமா என்ற பயத்துக்கு வருவோம். மல்யுத்தத்தில் வளையத்துக்குள் நாற்காலியால் அடித்துக்கொண்டவர்கள் திரைக்குப் பின்னால் போனதும் கை கொடுத்து நன்றி சொல்வது பழைய வழக்கம். தன் உடம்பை உங்கள் கையில் நம்பிக் கொடுத்தவருக்குச் சொல்லும் நன்றி அது. சொல்லும் இடம் மட்டும் முக்கியம். 1996 மே 19, மேடிசன் ஸ்கொயர் கார்டன். கெவின் நாஷும் ஸ்காட் ஹாலும் டபிள்யூசிடபிள்யூவுக்குப் போவதற்கு முன் கடைசி ராத்திரி. ஷான் மைக்கேல்ஸ், ட்ரிப்பிள் எச் இருவரும் அவர்களோடு சேர்ந்து, நல்லவன் கெட்டவன் எல்லாம் கலந்து, ஜனங்கள் பார்க்க வளையத்துக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கதையை நிஜம்போலக் காக்கும் கேஃபேப் உடைந்தது. இருவர் கம்பெனியை விட்டே போகிறார்கள், மைக்கேல்ஸ் அப்போது சாம்பியன். ஆக, திட்டு முழுவதும் ட்ரிப்பிள் எச் தலையில் விழுந்தது. அந்த வருஷ கிங் ஆஃப் தி ரிங் அவருக்கென்று வைத்திருந்ததாகவும், இதனால் கை மாறியதாகவும் சொல்வார்கள். மாறிப் போனது ஆஸ்டினுக்கு. மேலே சொன்ன மில்வாக்கி ராத்திரி அப்படி வந்ததுதான். நட்பு தப்பில்லை, காட்டிய இடம்தான் வினையானது.

உங்கள் விஷயத்தில் திரைக்குப் பின்னால் என்பது ஓஓசி, கதாபாத்திரத்துக்கு வெளியே நீங்கள் நீங்களாகப் பேசும் இடம். தனிச் செய்தி நல்லது. ஃபெட்டின் ஓஓசி பகுதியில் எல்லாரும் பார்க்கப் போட்டால் அவருக்கு மரியாதை கூடும், அதுவும் நல்லதுதான். எதிராளி கூச்சக்காரர் என்றால் முதலில் தனியாகவே அனுப்புங்கள். கதைக்குள் உங்கள் ஆள் திடீரென்று மைக்கைப் பிடித்து "நீ நல்ல வீரன், உன்னை மதிக்கிறேன்" என்று பேசிவிட்டால்தான் ஃபியூட் நீர்த்துப்போகும். உண்மையான மரியாதைக் காட்சி ஒன்று கடைசியில் வரலாம், அதற்கு நாள் இருக்கிறது. இப்போது உங்கள் ஆள் வெறுக்கட்டும், நீங்கள் ரசித்துக்கொண்டிருங்கள்.

ஓஓசியில் எழுதும் செய்தியை விடப் பெரிய பாராட்டு ஒன்று கதைக்குள்ளேயே செய்யலாம். அடுத்த ஆர்பியில் அவருடைய அடி விழுந்த தடம் தெரிய வேண்டும். தோற்றவர்களில் நிறையப் பேர் அடுத்த வாரமே எதுவும் நடக்காத மாதிரி புது எதிராளியைத் தேடிப் போய்விடுவார்கள். ஜெயித்தவருக்கு அதைவிட அவமானம் இல்லை, அவர் மாங்கு மாங்கென்று எழுதியது காற்றில் போன மாதிரி ஆகிவிடும். உங்கள் ஆள் தோளில் துண்டில்லாமல் வரட்டும். பழக்கதோஷத்தில் கை அங்கே போகட்டும், ஒன்றும் அகப்படாமல் திரும்பட்டும். அம்மாவிடமிருந்து போன் வந்து "அப்பாவோட துண்டு எங்கேடா?" என்று கேட்கட்டும், இவன் பேச்சை மாற்றட்டும். இதைப் படித்தால் உங்கள் எதிராளிக்கு விளக்கமே தேவைப்படாது. செய்தியின் கடைசியில் அந்தக் கேள்வியைப் போடச் சொன்னது இதற்காகத்தான். அவர் உருவாக்கியதை நீங்கள் மேலே கொண்டுபோகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும், கூடவே அவர் மனதில் வேறு திட்டம் இருந்தால் அதைக் கெடுக்காமலும் இருப்பீர்கள்.

தோல்வியை எழுதத் தெரிந்தால் அதனால் நஷ்டம் இல்லை. 1997 மார்ச் 23, ரெஸ்ல்மேனியா 13, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில் ப்ரெட் ஹார்ட்டும் ஆஸ்டினும் மோதிய சப்மிஷன் மேட்ச், அதாவது எதிராளியைப் பணியவைத்து ஜெயிக்க வேண்டிய மேட்ச். ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம், ஷார்ப்ஷூட்டர் பிடியில் மாட்டிக்கொண்டு, "விட்டுவிடு" என்று சொல்லாமலே மயங்கிப் போனார். மேட்ச் ஹார்ட்டுக்கு. ஆனால் உள்ளே வந்தபோது வில்லனாக இருந்த ஆஸ்டின் வெளியே போகும்போது நாயகன். நாயகனாக வந்த ஹார்ட், மயங்கிக் கிடந்தவரை மேலும் அடித்து வில்லனாகிவிட்டார். ஒரே மேட்சில் இரண்டு டர்ன். ஹார்ட் ஜெயித்துக்கொண்டே எதிராளியைத் தூக்கிவிட்டார், ஆஸ்டின் தோற்றுக்கொண்டே ஹார்ட்டின் கொடூரத்தை நம்பவைத்தார். யார் யாருக்கு அதிகம் கொடுத்தார் என்று இன்றுவரை ரசிகர்கள் பேசித் தீரவில்லை. உங்கள் அடுத்த ஆர்பியை எழுத உட்காரும் முன் அந்த மேட்சை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை சில. பாராட்டோடு திருத்தத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பாதீர்கள். "நடுவில் கொஞ்சம் நீளம், மற்றபடி பிரமாதம்" என்றால் அவருக்கு மனசில் நிற்பது நீளம்தான். கேட்டால் அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். "எனக்கு நேரமே கிடைக்கவில்லை, இல்லாவிட்டால் நானும்..." என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அது பாராட்டுக் கடிதத்தில் செருகிய மனு. "நடுவர்கள் என்ன பார்த்தார்களோ, ஆனாலும் உங்களுக்கு வாழ்த்துகள்" என்பது இன்னும் மோசம். பெரிய எழுத்தாளர்களோடு ஒப்பிடுவதும் வேண்டாம், அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போய்விடும். ஹேண்ட்லர்களே ஓட்டுப் போட்டு மாதத்தின் சிறந்த ஆர்பியைத் தேர்ந்தெடுக்கும் ஃபெட் என்றால், ஓட்டெடுப்பு நடக்கும் வாரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம், கொடுக்கல் வாங்கல் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, ஒருவரின் நடை பிடித்துப்போய் அடுத்த ஆர்பியில் உங்கள் ஆளும் மெதுவான குரலில் லாண்ட்ரோமேட்டில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உண்மையிலேயே பிடிக்காத ஆர்பிக்குத் தோற்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கக்கூடிய கேள்விதான். அப்போது ஒரு "வாழ்த்துகள்" போதும். வலிந்து காரணம் தேடிப் பாராட்டினால், நாளைக்கு நிஜமாகவே பிடித்ததைச் சொல்லும்போது அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

அப்புறம், ரிசல்ட் எழுதியவரை மறந்துவிடாதீர்கள். எனக்கு இதில் கொஞ்சம் சொந்த வருத்தமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இருவர் ஆர்பியையும் படித்து, இருவர் ஆளின் மூவ்களையும் நினைவில் வைத்து, யார் மனசும் புண்படாமல் முப்பது நிமிட மேட்ச் ஒன்றைக் காசு பணம் வாங்காமல் எழுதுகிறவர் அவர். மேட்ச் வெளியானதும் ஜெயித்தவருக்கு வாழ்த்து குவியும், தோற்றவருக்கு ஆறுதல் குவியும், இவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். துண்டைக் கடைசிச் சண்டையில் அவர் எங்காவது கொண்டுவந்திருந்தால், அது அவர் இரண்டு ஆர்பியையும் படித்ததற்குச் சாட்சி. அந்த இடத்தைச் சொல்லி அவருக்கும் இரண்டு வரி போடுங்கள்.

பதில் எப்படி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த உலகத்தில் கதாபாத்திரத்தின் வாயால் மூன்று பக்கம் முழங்குகிறவர்கள் சொந்த வாயால் "தேங்க்ஸ் மேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் நாலு நாள் கழித்துத்தான் பதிலே போடுவார்கள். இரண்டுக்கும் தப்பர்த்தம் எடுக்க வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: அடுத்த கார்டு வெளியாவதற்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். ரீமேட்ச் என்று அறிவித்த பிறகு போனால், அதே வரிகள் எதிராளியை இளக்கப் பார்க்கும் தந்திரமாகத் தெரியும். அவர் ஹீலை வேறு நன்றாக எழுதுகிறவர், சந்தேகப்பட நிறைய வழி தெரிந்திருக்கும்.